மகிழுந்தின் நடுக்கம்: காரணம் அறிதலும் களைதலும்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதற்பாலம் 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல் செல்கிறது. நாட்டின் முதல் தேசிய மகிழுந்தாகிய புரோட்டோன் சாகா வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 2014 இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் பயன்பாட்டுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நின்று நின்று செல்லும் வண்டி, பாலத்திலும் வடக்கு தெற்கு விரைவுச்சாலையிலும் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுகிறது. நகரத் தெருவில் மறைந்து கிடந்த குறை அங்கே வெளிப்படுகிறது. ஸ்டீரிங்கைப் பிடித்த கை நடுங்குகிறது, இருக்கை அதிர்கிறது, ஓட்டுநர் மனத்தில் ஐயம் எழுகிறது.

அவ்வையம் எழுந்தபின் நம்முள் பலர் செய்வது யாது? பட்டறைக்குச் சென்று "வண்டி ஆடுகிறது" என்கிறோம். அங்கே ஒரு பொருள் மாற்றப்படுகிறது. நடுக்கம் நிற்கவில்லை. மற்றொரு பொருள் மாற்றப்படுகிறது. நடுக்கம் பிறகும் நிற்கவில்லை. இவ்வாறு ஊகத்தின் வழியே பொருள்களை மாற்றிக்கொண்டே போவதால் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் கணிசமான பங்கு வீணாகிறது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. உண்மையான காரணம் தளர்ந்துபோன சக்கர மரையாகவோ உள்ளே பிரிந்துகொண்டிருக்கும் டயராகவோ இருந்தால், தவறான பழுதுபார்ப்புக்குப்பின் மனநிறைவோடு ஓட்டிச் செல்பவர் தம் உயிரையும் உடன் வருவோர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார்.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்னும் வரிசையை மருத்துவனுக்கு வகுத்துத் தருகிறது. உடலுக்குச் சொன்ன அவ்வரிசை இயந்திரத்துக்கும் பொருந்தும். மகிழுந்தின் நடுக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் அறிகுறியிலிருந்து அதன் காரணத்தை நோக்கி எவ்வாறு படிப்படியாகச் செல்வது என்பதை இவ்வுரையில் காண்போம். வண்டி ஓட்டாத மாணவர்க்கும் இது பயன்தரும். ஏனெனில் ஈண்டுச் சொல்லப்படுவது முதன்மையாகச் சிந்திக்கும் முறையேயாகும்.

சொல்லில் தொடங்கும் ஆய்வு

மொழியில் ஈடுபாடு கொண்ட அவையில் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தைத் தேடும் பணி கருவியில் தொடங்குவதில்லை. உணர்ந்ததைச் சொல்லும் சொல்லில் தொடங்குகிறது. "ஆடுகிறது" என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறித்தால், கேட்பவருக்கு எத்திசையில் தேடுவது என்பது விளங்காது. தமிழிலோ இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. பொருள் வேறுபாட்டைப் பேணிப் பயன்படுத்தும் பழக்கமே நமக்குத் தேவை.

இவ்வுரையில் சில சொற்களை வரையறுத்துக்கொள்வோம். மெதுவாகச் செல்லும்போது வண்டியின் முன்பகுதி இடவலமாக அசைவது ஆட்டம். வேகமாகச் செல்லும்போது கையில் உணரப்படும் சிறிய, விரைவான அசைவு நடுக்கம். பிரேக்கை மிதிக்கும்போது பாதத்தை மீண்டும் மீண்டும் மேலே தள்ளுவது துடிப்பு. வேகத்தைக் கூட்டும்போது மட்டும் வண்டி முழுவதும் குலுங்குவது உதறல். உணர்வினும் ஓசையாக மிகுதியும் வெளிப்பட்டு, வேகத்தோடு உயர்வது உறுமல். இவையனைத்தையும் அடக்கிய பொதுச்சொல் அதிர்வு. ஒவ்வொரு சொல்லும் வண்டியின் வெவ்வேறு உறுப்பைச் சுட்டுகிறது என்பது போகப்போக விளங்கும்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கும் நம் மாணவர், இடைநிலைப்பள்ளியில் அதே பாடத்தை வேறு மொழியில் தொடர்கின்றனர். அதிர்வு அங்கே 'கெத்தாரான்' ஆகிறது. பட்டறையிலோ 'டயர்', 'ரிம்', 'பேரிங்', 'மவுண்டிங்' என்னும் சொற்களே வழங்குகின்றன. உறுப்பின் பெயர் எம்மொழியினதாயினும் தவறில்லை. ஆனால் உணர்ந்ததைத் துல்லியமாக எடுத்துரைக்கும் ஆற்றலைத் தாய்மொழியில் பெற்றவர், அதனைப் பிறமொழியிலும் எளிதில் வெளிப்படுத்துவார்.

அதிர்வின் இலக்கணம்

ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அசைகிறதோ அதுவே அதன் அதிர்வெண். அதனை ஹெர்ட்சு என்னும் அலகால் குறிப்பர். ஒவ்வொரு பொருளுக்கும் தானாக அசையக்கூடிய ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஊஞ்சலைத் தள்ளுவோர் இதனை நன்கறிவர். ஊஞ்சலின் போக்கோடு ஒத்த நேரத்தில் சிறிது தள்ளினாலும் அது உயர எழும். ஒவ்வாத நேரத்தில் வலிந்து தள்ளினாலும் அது உயர்வதில்லை. வெளியிலிருந்து வரும் தூண்டுதலின் அதிர்வெண்ணும் பொருளின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றும்போது அசைவு பெருகுவதை ஒத்ததிர்வு என்கிறோம்.

மகிழுந்தில் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? சுழலும் உறுப்புகளிலிருந்து வருகிறது. சக்கரத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். நம் சாலைகளில் ஓடும் சிறிய மகிழுந்துகள் பலவற்றில் 185/55 ஆர் 15 என்னும் அளவுடைய டயர் பொருத்தப்பட்டுள்ளது. அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 55 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இவற்றிலிருந்து டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று வருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். 27.8 ஐ 1.8 ஆல் வகுத்தால் 15.4 கிடைக்கிறது. அவ்வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினைந்து முறைக்குமேல் சுழல்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் அது 12.3 ஆகக் குறைகிறது.

இனி, சக்கரத்தையும் அதனைத் தாங்கும் உறுப்புகளையும் நோக்குவோம். அவை டயரின் காற்றுக்கும் சுருள்வில்லுக்கும் இடையே அமைந்திருப்பதால் அவற்றுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது பெரும்பாலான மகிழுந்துகளில் ஏறத்தாழ 10 முதல் 15 ஹெர்ட்சு வரை அமைகிறது. மேற்கண்ட கணக்கோடு இதனை ஒப்பிட்டால் ஒரு புதிர் விடுபடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அமைதியாகச் செல்லும் வண்டி 85 இல் நடுங்கத் தொடங்கி, 95 இல் உச்சமடைந்து, 110 இல் சற்றுத் தணிவது ஏன்? சக்கரத்தின் சுழற்சி, தாங்கும் உறுப்புகளின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கி, பின் கடந்து செல்வதே காரணம். வேகத்தைக் கூட்டியதும் நடுக்கம் குறைந்தது என்பதால் குறை நீங்கிவிட்டதாக எவரும் எண்ணலாகாது.

தூண்டும் விசை எவ்வளவு? சக்கரத்தின் விளிம்பில் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து அதன் தொலைவு 19 சென்டிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 36 நியூட்டன். மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மிகுந்த எடைக்கு அது ஈடாகும். அவ்விசை ஒவ்வொரு சுற்றிலும் திசைமாறி, நொடிக்குப் பதினைந்து முறை சக்கரத்தை உலுக்குகிறது. விசை வேகத்தின் இருமடியாக வளர்வதால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கில் ஒரு பங்காக, 9 நியூட்டனாக மட்டுமே இருக்கும். நகரத் தெருவில் ஒன்றும் தெரியாமல் விரைவுச்சாலையில் மட்டும் கை நடுங்குவதன் விளக்கம் இதுவே.

கேட்கவேண்டிய மூன்று வினாக்கள்

எந்த உறுப்பையும் கழற்றுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதல் வினா, எப்போது? ஒரே வேகத்தில் செல்லும்போதா, வேகத்தைக் கூட்டும்போதா, பிரேக்கை மிதிக்கும்போதா, வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போதா? ஒரே வேகத்தில் என்றால் சக்கரமும் டயரும், கூட்டும்போது என்றால் சக்கரத்துக்கு ஆற்றலைக் கடத்தும் தண்டும், பிரேக்கில் என்றால் அதன் வட்டும், நின்றிருக்கும்போது என்றால் எஞ்சினும் அதன் தாங்கிகளும் முதலில் ஐயத்துக்கு உரியன.

இரண்டாம் வினா, எங்கே? ஸ்டீரிங்கில் உணரப்படும் நடுக்கம் பெரும்பாலும் முன்சக்கரங்களிலிருந்து வருகிறது. அவை ஸ்டீரிங்கோடு நேரே இணைக்கப்பட்டவை. இருக்கையிலும் தரையிலும் உணரப்படுவது பெரும்பாலும் பின்சக்கரங்களிலிருந்து வருகிறது. பாதத்தில் துடிப்பது பிரேக்கிலிருந்து வருகிறது.

மூன்றாம் வினா, எதனைப் பின்பற்றி? அதிர்வு சாலையைப் பின்பற்றுகிறதா, வண்டியின் வேகத்தையா, எஞ்சினின் சுழற்சியையா? பாலத்தின் இணைப்பிடுக்குகளைக் கடக்கும்போது எழும் தாளம் சாலையினுடையது. தார் மாறியதும் அது மாறும். வேகத்தைப் பின்பற்றுவதையும் எஞ்சினைப் பின்பற்றுவதையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. நிறுத்திய வண்டியில், கைப்பிரேக்கை இட்டு, கியரைச் சேர்க்காமல், நடுக்கம் தோன்றிய அதே சுழற்சிக்கு எஞ்சினை உயர்த்திப் பார்க்கலாம். அப்போதும் அதிர்ந்தால் சக்கரங்கள் குற்றமற்றவை. அவை சுழலவே இல்லையன்றோ?

இம்மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குச் செல்பவர், பாதி வேலையை முடித்தவராவார்.

சக்கரமும் டயரும்

குயவர் திகிரியின்மேல் மண்ணை இட்டதும் செய்யும் முதல் வேலை அதனை நடுவில் நிறுத்துவதே. மண் சற்று விலகியிருந்தாலும் திகிரி சுழலச் சுழலக் கைகள் உலுக்கப்படும். டயரிலும் அவ்வாறே. எந்த டயரும் முற்றும் சீராக வார்க்கப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் சமன்செய்கருவியில் சுழற்றி, எடை குறைந்த இடத்தில் சில கிராம் எடையுள்ள சிறு வில்லைகளைப் பொருத்துகின்றனர். பட்டறையில் இதனைப் 'பேலன்சிங்' என்பர்.

கருவி உட்புறத்துக்கு ஓர் அளவையும் வெளிப்புறத்துக்கு ஓர் அளவையும் காட்டும். இரண்டளவு ஏன்? சக்கரம் தட்டையான வட்டு அன்று. அதற்கு அகலம் உண்டு. உட்புறத்தில் ஓர் இடத்திலும் வெளிப்புறத்தில் அதற்கு எதிரான இடத்திலும் எடை மிகுந்தால், மேல்கீழாகச் சமன்பட்டதுபோல் தோன்றும். ஆயினும் சுழலும்போது சக்கரம் இடவலமாக நெளியும். ஆகவே இருபுறமும் தனித்தனியே சமன்செய்யப்பட வேண்டும்.

சமன்செய்தலையும் 'அலைன்மென்ட்' எனப்படும் கோணச் சீரமைப்பையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். அவை வேறு வேறு. கோணம் பிழைத்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்; டயர் ஒருபக்கமாகத் தேயும். அது நேரே நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் சீரற்றுத் தேய்ந்த டயர் நாளடைவில் நடுங்கும். நடுக்கத்துக்குக் கோணச் சீரமைப்பை மட்டும் செய்துகொள்வது, பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவதை ஒக்கும்.

சமன்செய்த பின்னும் நடுக்கம் தொடர்ந்தால் வடிவத்தைப் பார்க்க வேண்டும். குழியில் மோதி ரிம் வளைந்திருக்கலாம். எடை சமன்பட்டிருந்தும் வட்டம் சிதைந்த சக்கரம், ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைத் தூக்கி இறக்கும். சக்கரத்தை மெல்லச் சுழற்றி, அதன் விளிம்பருகே அசையாத ஒரு முனையை வைத்தால் விலகல் கண்ணுக்குத் தெரியும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் கொள்வது தகும். அழகுக்காக வேறு ரிம் பொருத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ரிம்மின் நடுத்துளை வண்டியின் அச்சுமையத்தினும் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் இன்றியமையாதது. அஃது இல்லையேல் சக்கரம் நடுவில் அமராது.

நம் மழைக்கும் வெயிலுக்கும் உரிய சில காரணங்களும் உள. 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த பெருவெள்ளம் போன்ற வேளைகளில் சேற்றுநீரில் சென்ற வண்டியின் ரிம்முக்குள் சேறு ஒட்டி உலர்ந்துவிடும். சில கிராமே ஒரு சக்கரத்தை நடுங்கச் செய்யும் என்றால், ஒரு கைப்பிடிச் சேற்றின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு மருந்து நீரும் தூரிகையுமே. 2020 மார்ச் 18 இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நேர்ந்தது போல, வண்டி வாரக்கணக்கில் ஓரிடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகும். காற்றழுத்தம் குறைந்திருந்தால் அது மிகும். சிறிது தொலைவு ஓடி டயர் சூடேறியதும் பெரும்பாலும் அது சரியாகிவிடும். ஆகாவிடில் டயரை மாற்ற வேண்டும்.

டயரின் அகவையும் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். முதிர்ந்த டயரின் உள்ளிருக்கும் எஃகுப்பட்டை ரப்பரினின்றும் பிரியத் தொடங்கினால், மெதுவான வேகத்திலேயே வண்டி ஆடும்; டயரில் புடைப்புத் தோன்றும். இந்நிலையில் சமன்செய்துகொண்டு ஓட்டுவது பெருந்தீங்கு. அந்த டயர் எந்நேரமும் வெடிக்கக்கூடும். உடனே கழற்றப்பட வேண்டும்.

பிரேக்கின் துடிப்பு

துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு இறங்குவோர் வளைவுதோறும் பிரேக்கை மிதிக்கின்றனர். வட்டும் அதனைப் பற்றும் கட்டைகளும் பெரிதும் சூடேறுகின்றன. பின்னர் சமதரையில் பிரேக்கை மிதிக்கும்போது பாதத்தில் துடிப்பும் ஸ்டீரிங்கில் நடுக்கமும் தோன்றினால், "வட்டு வளைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் நிகழ்வது வேறு. வட்டின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுபடுகிறது. மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு அளவே மாறுபட்டாலும் பாதம் அதனை உணரும். தடித்த இடம் கட்டைகளுக்கிடையே வரும்போது பிடிப்பு மிகுந்தும், மெலிந்த இடம் வரும்போது குறைந்தும் துடிப்பு எழுகிறது.

தடிப்பு மாறுவதற்குக் காரணங்கள் சில. சக்கர மரைகள் சமமின்றி முறுக்கப்பட்டால் வட்டு சற்றுச் சாய்ந்து அமரும். சுழலும்போது ஒரே இடம் கட்டையை உரசித் தேயும். அச்சுமையத்தில் துரு படிந்திருந்தாலும் அதே விளைவு. கடற்காற்றுச் சூழ்ந்த தீவில் துருவைப் புறக்கணிக்க இயலாது. சூடேறிய கட்டையின் பொருள் வட்டின் ஒரு பகுதியில் படிவதும் உண்டு. ஆதலால் புதிய வட்டைப் பொருத்துமுன் அச்சுமையத்தைத் துலக்க வேண்டும். மரைகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவ வரிசையில், வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு முறுக்குமானியால் முறுக்க வேண்டும். அடிப்படையை விட்டுவிட்டு வட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் துடிப்பு மீளும். மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதே வருமுன் காக்கும் வழி.

இங்கு ஓர் எச்சரிக்கை. வழுக்கும் சாலையில் திடீரெனப் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் பாதத்தில் எழும் விரைவான துடிப்பு குறையன்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு அப்போது இயங்குகிறது. அஞ்சிக் காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடிக்க வேண்டும்.

எஞ்சினும் ரப்பரும்

நான்கு உருளை எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருளை எரிக்கிறது. நிமிடத்துக்கு 750 சுற்று என்னும் ஓய்வுநிலையில் அது நொடிக்கு 25 உந்தல்களாகும். மூன்று உருளை எஞ்சினுக்கோ ஒரு சுற்றுக்கு ஒன்றரை உந்தல். ஓய்வுநிலையில் நொடிக்கு 19க்கும் குறைவு. உந்தல்கள் அரிதாகவும் உருளைகளின் அசைவு முழுதும் ஈடுசெய்யப்படாமலும் இருப்பதால், 1994 இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் முதலிய மூன்று உருளை வண்டிகள் நிற்கும்போது சற்று மிகுதியாகவே அதிரும். அது பிறவிக் குணம், நோயன்று. நோய் எனத் தக்கது, முன்பிருந்ததைவிட மிகுந்த அதிர்வே.

அந்த உந்தல்கள் நம்மை எட்டாமல் தடுப்பது எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அமைந்த ரப்பர்த் தாங்கிகள். நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களில் விடியலில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பாலின் பயன் இன்றைய ஒவ்வொரு மகிழுந்திலும் இவ்வாறு மறைந்திருக்கிறது. வெப்பமும் எண்ணெய்க் கசிவும் நாள்பட ரப்பரை இறுகச் செய்து வெடிக்கவைக்கும். அப்போது நிற்கும் வண்டியில், கியர் சேர்ந்த நிலையில், குளிர்சாதனம் இயங்கும்போது அதிர்வு மிகும். கியரை விடுவித்ததும் குறையும். இவ்வறிகுறி தாங்கியைச் சுட்டுகிறது. கியரை விடுவித்தும் எஞ்சின் சீரின்றி விக்கினால், தீப்பொறிச்செருகியையும் காற்று நுழைவாயிலில் படிந்த கரியையும் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினே தடுமாறும்போது தாங்கியை மாற்றுவது வீண்செலவு.

வேகத்தைக் கூட்டும்போது மட்டும் எழும் உதறல், முன்சக்கர இயக்க வண்டிகளில் இயக்கத்தண்டின் உள்மூட்டைச் சுட்டும். காலை எடுத்ததும் அது அடங்கும். முழுதும் திருப்பிய நிலையில் 'டக் டக்' என்று ஒலித்தால் வெளிமூட்டு. வேகத்தோடு உயர்ந்து, வளைவில் சாயும்போது மாறும் உறுமல் சக்கரப் பேரிங்கினது.

ஒரு மாதிரி ஆய்வு

இம்முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்ப்போம். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தீவுக்கு நாள்தோறும் வரும் ஆசிரியர் ஒருவர், விடுமுறையில் ஈப்போவுக்குச் செல்லும்போது மட்டும் ஸ்டீரிங் நடுங்குவதாகச் சொல்கிறார். எஞ்சின் தாங்கியையும் அதிர்வுத்தணிப்பானையும் மாற்றும்படி அவருக்கு அறிவுரை கிடைக்கிறது. இவ்வறிவுரையை ஏற்கலாமா?

நடுக்கம் 85 இல் தொடங்கி 95 இல் உச்சமடைகிறது. பாலத்தில் வேக எல்லை 80 ஆதலால் அங்கே அது தோன்றவில்லை. நின்ற வண்டியில் எஞ்சினை உயர்த்தினால் அதிர்வில்லை. ஆகவே எஞ்சினும் தாங்கியும் விலக்கப்படுகின்றன. பிரேக்கை மிதித்தால் மிகுவதில்லை, வட்டு விலக்கப்படுகிறது. காலை எடுத்தாலும் அதே வேகத்தில் தொடர்கிறது, இயக்கத்தண்டு விலக்கப்படுகிறது. கையில் உணரப்படுகிறது, முன்சக்கரம் எஞ்சுகிறது. இதுவரை ஒரு காசும் செலவாகவில்லை.

அடுத்து, செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். காற்றழுத்தமும் மரைகளும் சரி, சேறு இல்லை. சமன்செய்த பின்னும் நடுக்கம் சிறிது எஞ்சுகிறது. முன்சக்கரங்களைப் பின்னும் பின்சக்கரங்களை முன்னும் மாற்றிப் பொருத்துகின்றனர். நடுக்கம் கையைவிட்டு இருக்கைக்குச் செல்கிறது. சக்கரத்தோடு நடுக்கமும் இடம்பெயர்ந்ததால், காரணம் சக்கரத்திலேயே உள்ளது, தணிப்பானில் இல்லை. அவ்விரண்டில் ஒன்றைச் சுழற்றிப் பார்க்கும்போது ரிம் இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருப்பது தெரிகிறது. ஒரு ரிம்மைச் சரிசெய்ததோடு குறை நீங்குகிறது. ஒவ்வொரு சோதனையும் ஐயத்துக்குரியவற்றுள் ஒரு பகுதியை நீக்கியது. நீக்கியபின் எஞ்சியதே காரணம்.

ஆயினும் சில அறிகுறிகள் ஆராய்ச்சிக்கு இடம் தருவதில்லை. திடீரெனத் தோன்றி விரைந்து பெருகும் ஆட்டம், டயரில் புடைப்பு, மரை தளர்ந்த ஓசை ஆகியவற்றைக் கண்டால் வேகத்தை மெல்லக் குறைத்து, எச்சரிக்கை விளக்கை இட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டப்பட்ட பின், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மரைகளை மீண்டும் சோதிப்பது நன்று.

வகுப்பறைக்கு உரியவை

இப்பாடத்தை விளக்க மகிழுந்து வேண்டுவதில்லை. ஒரு மிதிவண்டி போதும். அதனைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் சிறிய மரை ஒன்றை இறுகக் கட்டுக. சக்கரம் எப்போதும் மரை கீழிருக்கும் நிலையிலேயே வந்து நிற்கும். ஆசிரியர் அதனை விரைவாகச் சுழற்றினால் கவட்டில் நடுக்கம் தோன்றும். நேர் எதிரே அதே எடையுள்ள மற்றொரு மரையைக் கட்டினால் நடுக்கம் பெரிதும் தணியும். எடை இருமடங்காகியும் நடுக்கம் குறைந்தது ஏன் என்று மாணவரைக் கேட்கலாம். அவ்வினாவுக்கு அவர்கள் தம் சொற்களில் தரும் விடையே பாடத்தின் பயன்.

உயர்வகுப்பு மாணவர் கைப்பேசியிலுள்ள முடுக்கமானியைப் பயன்படுத்தலாம். பயணியாக அமர்ந்த ஒருவர் அளந்த அதிர்வெண் 15 ஹெர்ட்சை ஒட்டியிருந்தால் அது சக்கரத்தின் சுழற்சி. அதன் இருமடங்காயின், ஒரு சுற்றுக்கு இருமுறை எழும்பும் நீள்வட்ட டயராக இருக்கலாம். நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும் நான்கு உருளை எஞ்சினின் உந்தலோ நொடிக்கு 83. எண்களே காரணங்களைப் பிரித்துக்காட்டுகின்றன.

கவனித்தல், பெயரிடுதல், கணக்கிடுதல், ஒவ்வொன்றாக விலக்குதல் என்னும் நான்கும் இவ்வாய்வின் படிகள். காய்ச்சலை ஆராயும் மருத்துவரும், மாணவர் ஏன் ஒரு கணக்கில் தவறுகிறார் என்று தேடும் ஆசிரியரும் இப்படிகளிலேயே ஏறுகின்றனர். பிள்ளைகள் பட்டறைக்குள் நுழையும் நாளில் "ஆடுகிறது" என்பதோடு நில்லாமல், எப்போது, எங்கே, எதனைப் பின்பற்றி என்று எடுத்துரைக்கக் கற்றிருந்தால், அவர்தம் பணமும் காக்கப்படும். பாலத்தைக் கடக்கும் பயணமும் காக்கப்படும்.